குடல் கிருமிகளோடு 31 வருடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் 31 வருடமாக ஒரே வேலைதான்: வயிற்றோட்டம், வயிற்றுளைவு, நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்), வாந்திபேதி (கொலரா) ஆகியவற்றைத் தரும் பக்டீரியாக்களை வளர்த்துப் பார்ப்பது. பாடசாலைகளில் பேசப் போனாலும் கேள்வி, வெள்ளவத்தை மாடியில் லிஃப்டுக்கு நின்றாலும் கேள்வி. கலியாண வீட்டுப் பந்தியில் இலை போட்ட பிறகும் கேட்கிறார்கள். ஏறக்குறைய ஒரே கேள்விகள் என்பதால் பதில்களை ஒருமுறை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். இது சாப்பிடும்போது வாசிக்கிற பக்கம் இல்லை.

நீங்கள் டொக்டரா?

இல்லை. கலாநிதிப் பட்டம் இருப்பதால் பெயருக்கு முன்னால் அந்த எழுத்து வருகிறது. அதைப் பார்த்துவிட்டு மாடியில் உள்ளவர்கள் பிரஷர் குளிசையைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். நான் நுண்ணுயிரியல் படித்தவள். நோயாளியை அநேகமாகக் காண்பதில்லை. அவரிடமிருந்து வந்த சின்னப் போத்தலைத்தான் காண்கிறேன்.

அப்படியென்றால் நாள் முழுக்க மலத்தையா பார்க்கிறீர்கள்?

காலையில் ஒரு மணித்தியாலம். மிச்ச நேரமெல்லாம் அதிலிருந்து வளர்ந்தவற்றைப் பார்க்கிறேன். அம்மா இருக்கும்வரை ஊர்ச் சனத்துக்கு “மகள் தண்ணி டெஸ்ட் பண்ணுறா” என்றுதான் சொல்லிவந்தா. பொய்யில்லை, பாதி உண்மை.

மணத்தைப் பற்றியும் கேட்பார்கள். குடலில் இயல்பாக வாழும் இ.கோலை என்ற பக்டீரியா வளர்ந்த தட்டைத் திறந்தால் வருகிற வாடைக்கு இண்டோல் என்ற பொருள் ஒரு காரணம். அதே இண்டோல் மிகச் சொற்ப அளவில் மல்லிகைப் பூவின் வாசத்திலும் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு தலையில் பூ வைக்கும்போதெல்லாம் எனக்கு ஆய்வுகூடம் ஞாபகம் வருகிறது.

ஒரு மாதிரி வந்து சேர்ந்தால் அதற்கு என்ன நடக்கும்?

முதல்வேலை, எத்தனை மணிக்கு எடுத்தது, நோயாளி மருந்து ஏதும் குடித்தாரா என்று படிவத்தில் பார்ப்பது. அநேகமாக அந்த இரண்டு கட்டமும் வெறுமையாக இருக்கும். கோபம் வரும். பிறகு தொலைபேசி.

அடுத்தது தட்டு. கண்ணாடிக் கிண்ணம் ஒன்றில் ஏகார் இறுகியிருக்கும். ஏகார் என்றால் பயப்பட வேண்டாம்: நோன்பு காலத்தில் முஸ்லிம் வீடுகளிலிருந்து எங்களுக்கும் வருகிற கடற்பாசி இருக்கிறதே, அதுதான். ஜேர்மனியில் ஃபானி ஹெஸ்ஸே என்ற பெண் சமையலில் பழகிய அந்தப் பொருளை 1881 வாக்கில் கணவருக்குச் சொல்ல, அவர் பக்டீரியா ஆய்வின் முன்னோடியான ரொபர்ட் கொக்குக்குச் சொன்னார். அதுவரை ஜெலட்டீனை வைத்துக்கொண்டு அவர்கள் பட்ட பாடு! வெயிலுக்கு உருகிப் போகும், சில கிருமிகள் அதையே தின்றுவிடும். கொழும்பு வெக்கையில் ஜெலட்டீன் தட்டு அரை மணித்தியாலம் தாங்காது.

கம்பி வளையத்தைச் சுவாலையில் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, மாதிரியில் ஒரு துளி தொட்டுத் தட்டின் ஓரத்தில் இழுப்போம். மறுபடி காய்ச்சி, அந்தக் கோட்டின் நுனியிலிருந்து அடுத்த மூலைக்கு இழுப்போம். மறுபடியும் அப்படியே. கோலமாவு விரலிடுக்கில் குறையக் குறைய இழை மெலிந்துகொண்டு போகுமே, அந்த மாதிரி. கடைசி மூலைக்கு வரும்போது கிருமிகள் ஒன்றொன்றாகத் தனித்து விழும். 37 பாகையில் ஓர் இரவு வைத்தால் அந்த ஒவ்வொன்றும் ஒரு குத்துப்பொட்டு அளவு கொலனியாகும்.

மக்கொன்கி என்ற ஊடகம் (ஊடகம் என்றால் கிருமிக்கான சாப்பாடு) ஊற்றிய தட்டில் சாதாரண இ.கோலை ரோசா நிறமாக நிற்கும், ஏனென்றால் அது பாற்சீனியைப் புளிக்கவைக்கிறது. சல்மொனெல்லாவுக்கும் (நெருப்புக்காய்ச்சல் கிருமி இதில் ஒரு வகை) வயிற்றுளைவைத் தரும் சிகெல்லாவுக்கும் அது முடியாது. நிறமில்லாமல் கண்ணாடி போல் கிடக்கும். ரோசாக் கூட்டத்துக்குள் அந்த வெளிறிய ஒன்றைத் தேடுவதுதான் இரண்டாம் நாள் காலை. கிடைத்தால் ஊசி முனையால் தொட்டு, மூன்று சீனியும் இரும்பும் போட்ட சாய்வு ஊடகத்துக்குள் குத்துவோம். நெருப்புக்காய்ச்சல் கிருமி என்றால் மூன்றாம் நாள் அந்தக் குழாயில், சாய்வும் அடிப்பகுதியும் சேரும் இடத்தில், மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று வரும். ஆய்வுகூடத்தில் அதை “மீசை” என்போம். மீசையைக் கண்டால் எல்லாரும் எழும்பி வந்து பார்ப்பார்கள். பிறகு கண்ணாடித் துண்டில் எதிர்ச்சீரம் (அந்தக் கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் உள்ள திரவம்) ஒரு துளி விட்டுக் கலந்து ஆட்டினால் பால் திரைவதுபோல் திரையும். அதோடு பெயர் உறுதி. எந்த மருந்துக்குச் சாகும் என்று சொல்ல இன்னொரு நாள்.

மூன்று, நான்கு நாள் ஏன் எடுக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கிருமியின் அவசரத்துக்கு மேல் நாம் அவசரப்பட முடியாது. பீ.சீ.ஆர். சில மணித்தியாலத்தில் பெயரைச் சொல்லிவிடும், ஆனால் எந்த மருந்து கேட்கும் என்பதை முழுதாகச் சொல்லாது.

“நோய்க்கிருமி வளரவில்லை” என்று ரிப்போட் வந்திருக்கிறது. அப்படியென்றால் கிருமி இல்லைத்தானே?

என் தொழில் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும். பதில்: இல்லாமலும் இருக்கலாம், இருந்தும் வளராமலும் இருக்கலாம்.

சிறுபிள்ளைகளின் வயிற்றோட்டத்தில் பெரும் பங்கு வைரசினால் வருவது. 1973இல் மெல்பேர்ணில் ரூத் பிஷப் குழுவினர் ரொட்டா வைரசைக் கண்டுபிடிக்கும்வரை அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் “காரணம் தெரியவில்லை” என்றுதான் எழுதப்பட்டது. பக்டீரியாத் தட்டில் வைரஸ் வளராது. ஆகவே அங்கே “வளரவில்லை” நியாயமானது.

கெம்பைலோபக்டரின் கதை வேறு. இது சுருள் வடிவக் கிருமி. தியோடர் எஷெரிக் 1880களிலேயே குழந்தைகளின் மலத்தில் நுணுக்குக்காட்டி வழியாக இதுபோன்ற சுருள்களைக் கண்டு வரைந்தும் வைத்தார். வளர்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு ஏறத்தாழ 90 வருடம் உலகம் முழுக்க ஆய்வுகூடங்கள் “வளரவில்லை” என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தன. 1972இல் பிரசல்ஸில் புட்ஸ்லர் மலத்தை வடிகட்டி இதைப் பிரித்தெடுத்தார். 1977இல் இங்கிலாந்தில் ஸ்கிரோ அதற்கென்று ஒரு தட்டைத் தயாரித்தார். இதற்குத் தேவையானது என்ன தெரியுமா? மற்றக் கிருமிகளை அடக்குகிற மருந்து தட்டில் வேண்டும், வெப்பம் 42 பாகை வேண்டும், ஒட்சிசன் காற்றில் இருப்பதில் கால்வாசி போதும். 42 பாகை ஏன் என்றால், அது கோழியின் குடலில் வாழப் பழகியது. கோழிக்கு நம்மைவிட உடல் சூடு அதிகம். தேடத் தொடங்கிய உடனே, வயிற்றோட்டத்தின் முதன்மைக் காரணங்களில் ஒன்றாக அது வந்து நின்றது.

இங்கே நாங்கள் பழகியபோது விசேட வாயுப் பொதி வாங்கக் காசு போதாத மாதங்களில், தட்டுகளை ஒரு சாடிக்குள் அடுக்கி, நடுவில் மெழுகுதிரி கொளுத்தி மூடியை இறுக்கி விடுவோம். மெழுகுதிரி அணையும்போது ஒட்சிசன் கொஞ்சம் குறைந்திருக்கும். அரைகுறை முறைதான், சில நாள் வளரும், சில நாள் ஏமாற்றும்.

இதைவிட அன்றாடக் காரணங்களும் உண்டு. காலையில் எடுத்த மாதிரி வார்ட் மேசையில் மாலைவரை கிடந்தால் சிகெல்லா செத்துவிடும்; அது அவ்வளவு மெலிந்த சீவன். மருந்துக் கடையில் இரண்டு அன்ரிபயோட்டிக் குளிசை வாங்கி விழுங்கிவிட்டு வந்தால் சல்மொனெல்லா ஒளிந்துகொள்ளும். ஆகவே ரிப்போட்டில் நாங்கள் எழுதுவது “கிருமி இல்லை” அல்ல. “இந்த முறையில், இந்த மாதிரியில், இன்ன இன்ன கிருமி வளரவில்லை” என்பது. வாசிப்பவர்கள் முன்பாதியை விட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் பிழை விட்டதுண்டா?

உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதலாவது வருடம். கொழும்பில் ஒரு பெண்கள் விடுதியில் பல பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் வயிற்றோட்டமும். எனக்கு ஏழு மாதிரிகள் வந்தன. வெள்ளிக்கிழமை பின்னேரம், ஊருக்குப் போக பஸ்ஸுக்கு நேரம். மாதிரிகளை நேரே தட்டில் மட்டும் இழுத்துவிட்டு, செலனைட் என்ற திரவ ஊடகத்தில் ஊறவைக்கும் படியைத் தவிர்த்துவிட்டேன். எண்ணிக்கையில் குறைந்து கிடக்கும் சல்மொனெல்லாவைப் பெருக்கிக் காட்டுவது அந்தப் படிதான். தட்டுகளில் ரோசா மட்டும். ஏழுக்கும் “வளரவில்லை” என்று எழுதினேன்.

அடுத்த கிழமை அந்த விடுதியிலிருந்து இன்னும் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். எங்கள் ஆய்வுகூடப் பெரியவர், யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், என் வேலைக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டா: “வளரேல்லையா, நீர் வளர்க்கேல்லையா?”

குளிரூட்டியில் மிச்சம் வைத்திருந்த மாதிரிகளைச் செலனைட்டில் போட்டோம். மூன்றில் சல்மொனெல்லா வந்தது. விடுதிச் சமையலறையில் அந்த ஒரு கிழமையும் ஒன்றும் மாற்றாமல் இருந்திருக்கிறார்கள், என் ரிப்போட்டை நம்பி. பிள்ளைகள் எல்லாரும் சுகமானார்கள். அந்த அம்மாவின் கேள்வியை இப்போது என்னிடம் பழக வருகிறவர்களிடம் நானும் கேட்கிறேன், அவ கேட்ட அதே மெதுவான குரல் மட்டும் எனக்கு வருவதில்லை.

கொழும்புக்கும் இந்த ஆராய்ச்சிக்கும் பழைய தொடர்பு உண்டா?

நிறைய. இன்று பொரளையில் இருக்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் 1900ஆம் ஆண்டளவில் டி சொய்சா குடும்பத்தின் நன்கொடையில் பக்டீரியவியல் நிறுவகமாகத் தொடங்கியது. இத்தாலியரான அல்டோ கஸ்தெல்லானி 1903இல் அதற்குப் பொறுப்பாக வந்தார். 1905இல் பறங்கிப் புண்ணின் (யோஸ் என்ற தோல் நோய்) கிருமியை இங்கேதான் கண்டார். வயிற்றுளைவு நோயாளிகளிடம் எடுத்த கிருமி வகைகளுக்குச் சிலோன் பெயரையே வைத்தார். பிறகு வந்த பெயர்மாற்றங்களில் அந்தப் பெயர் உதிர்ந்துபோனது.

எங்கள் சனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொரு சரித்திரம் தெரியும். தேயிலைத் தோட்டங்களுக்குப் பிற்காலத்தில் வந்த தமிழ்த் தொழிலாளரை இந்தியக் கரையிலேயே மண்டபம் முகாமில் நிறுத்திவைத்துத்தான் கப்பலேற்றினார்கள். வாந்திபேதியும் அம்மையும் கூட வந்துவிடும் என்ற பயம். என்னோடு வேலைசெய்த அட்டன்காரர் ஒருவரின் பாட்டி “மண்டபத்துல தடுத்து வச்சாங்க” என்று சொல்வாவாம். ஆய்வுகூடக் குறிப்பேடுகளில் அந்தச் சனம் எண்களாக மட்டும் இருக்கிறார்கள்.

இன்னொன்று, பெருமையா இல்லையா என்று தெரியாத சங்கதி: சல்மொனெல்லாவில் 2,500க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. முதலில் கண்ட ஊரின் பெயரை வைப்பது வழக்கம். லண்டன் உண்டு, டப்ளின் உண்டு, கொழும்பும் உண்டு.

உங்களுக்குப் பிடித்த விஞ்ஞானி யார்?

சம்பு நாத் டே. பாடப்புத்தகத்தில் பெயர் இருக்காது.

கொக் 1884இல் கல்கத்தாவிலிருந்து வாந்திபேதிக் கிருமியை வளர்த்துக் காட்டினார். அது ஒரு நஞ்சைச் சுரக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த நஞ்சைக் காட்ட 75 வருடம் எடுத்தது. ஏன்? எல்லாரும் கிருமியைப் பிராணிகளின் தோலுக்குக் கீழேயும் வயிற்றறைக்குள்ளும் ஊசியால் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை, அல்லது வேறெதோ நடந்தது. கல்கத்தாவில் டே செய்தது, கேட்டால் “இவ்வளவுதானா” என்று தோன்றும்: முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, அந்தக் குடலுக்குள்ளேயே கிருமியை விட்டார். மறுநாள் அந்தத் துண்டு தண்ணீரால் பொம்மியிருந்தது. 1953இல் இந்த முறையை எழுதினார். 1959இல் கிருமியை முற்றாக வடிகட்டி எடுத்த வெறும் திரவமே அதைச் செய்கிறது என்று காட்டினார். நஞ்சு இருக்கிறது, அது குடலில் வேலைசெய்கிறது. நோய் எந்த இடத்திலோ அந்த இடத்தில் தேடினார், அவ்வளவுதான்.

அந்த நஞ்சு குடற்கலங்களில் ஓர் ஆளியைப் போட்டுவிட்டு அணைக்க விடாது. குளோரைட்டு வெளியே கொட்டும், தண்ணீர் பின்னாலே ஓடும். கடுமையான நோயாளி ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றர்வரை இழப்பார். ஆனால் குளுக்கோசும் சோடியமும் சேர்ந்து உள்ளே போகும் வாசல் பழுதாவதில்லை. வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பக்கெற்றின் முழு மந்திரமும் அந்த வாசல்தான்.

டேக்கு நோபல் கிடைக்கவில்லை. நோபல் பெற்ற பக்டீரியா ஆய்வாளர் ஜோஷுவா லெடர்பேர்க் அவரை முன்மொழிந்திருந்தார். வாழ்ந்த காலத்தில் அவருடைய நாட்டின் விஞ்ஞானக் கழகம் எதுவும் உறுப்பினராகக்கூட எடுக்கவில்லை. 1985இல் காலமானார். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

கொழும்பில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?

அம்பத்தளையில் களனி கங்கைத் தண்ணீரையும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கத் தண்ணீரையும் சுத்திகரித்துக் குளோரின் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். என் கவலை வீதிக் குழாய்வரை இல்லை, அதற்குப் பிறகு. மாடிவீடுகளின் நிலத்தடித் தாங்கியும் மொட்டைமாடித் தாங்கியும் எப்போது கழுவியது என்று கேளுங்கள். ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். மூடி உடைந்த தாங்கியில் காகம் குளிக்கிறதை நான் என் யன்னலால் கண்டிருக்கிறேன். தாங்கிக்குள் தண்ணீர் நிற்க நிற்கக் குளோரின் பறந்துவிடும். ஆகவே என் வீட்டில் கொதித்தாறின தண்ணிதான். குமிழியெழும்பக் கொதித்தால் போதும், அரை மணித்தியாலம் எரிவாயுவைக் கரியாக்கத் தேவையில்லை.

2016 மே மாதம் களனி பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே தண்ணீருக்குள் நின்றன. பி.எச்.ஐ.மார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) ரெஜிபோம் பெட்டிகளில் ஐஸ் போட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து இறக்குவார்கள், சப்பாத்தெல்லாம் சேறு. 44 பாகையில் வைத்த குழாய்களுக்குள் கவிழ்த்திருக்கும் குட்டிக் குழாயில் வாயு சேர்ந்தால் மலக் கிருமி இருக்கிறது என்று பொருள். அந்தக் கிழமை சேராத குழாயைத் தேடத்தான் வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் வேறு சிக்கல். சுண்ணாம்புக்கல் நிலத்தில் வெடிப்பும் துளையும் அதிகம். குழியில் போனது வடிகட்டாமலே கிணற்றுக்கு வரும். நெருப்புக்காய்ச்சல் அங்கே விட்டுப்போகாததற்கு இது பெரிய காரணம். “நாங்கள் அந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சுத்தானே வளர்ந்தனாங்கள்” என்பவர்களுக்கு: வளர்ந்தவர்கள்தான் வந்து சொல்கிறார்கள்.

காலிமுகத்திடலில் இஸ்ஸோ (இறால்) வடை?

கொதிக்கிற எண்ணெயிலிருந்து கண்முன்னே எடுத்தால் சாப்பிடுவேன். பொரித்து அடுக்கிவைத்ததை எடுக்க மாட்டேன். மேலே தூவுகிற வெங்காயமும் அந்தச் சட்னியும் வேண்டாம் என்பேன். வெட்டி மிளகாய்த்தூள் போட்டுவைத்த அன்னாசி, மன்னிக்கவும், ஆசை இருந்தாலும் இல்லை. செவ்விளநீர் தாராளமாக, வெட்டிய உடனே.

சிகெல்லா 10 முதல் 100 கிருமி உள்ளே போனாலே போதும். வாந்திபேதிக் கிருமிக்கு இரைப்பை அமிலத்தைத் தாண்டக் கோடிக்கணக்கில் வேண்டும். ஒன்று கைவிரலால் பரவும், மற்றது தண்ணீராலும் உணவாலும்.

சோறு பற்றியும் ஒரு சொல். நல்ல சூட்டில் இ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். பகல் 12க்கு ஒன்று என்றால் இரவு 7க்கு 20 இலட்சத்துக்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரைட் ரைஸில் வரும் பசிலஸ் சீரியஸ் இன்னும் மோசம்: அதன் வாந்தி நஞ்சு சூடாக்கினாலும் அழியாது. “திருப்பிச் சூடாக்கினனான்தானே” என்பது அதனிடம் செல்லாது.

விடால் பரிசோதனையில் பொசிட்டிவ் என்றார்கள். நெருப்புக்காய்ச்சலா?

தனி ஒரு விடாலை வைத்து நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடுகிற, 1896இலிருந்து இருக்கிற பரிசோதனை. பழைய தொற்றும், தடுப்பூசியும், வேறு சல்மொனெல்லாவும் அதைக் குழப்பும். மருந்து தொடங்குமுன் இரத்த வளர்ப்புச் செய்யச் சொல்லுங்கள்.

அன்ரிபயோட்டிக் கேட்காத கிருமிகள் உண்மையில் கூடியிருக்கின்றனவா?

என் கண்முன்னே கூடின. கிருமியைத் தட்டு முழுக்கப் பூசி, மருந்து ஊறின காகிதப் பொட்டுகளை மேலே வைப்போம். மருந்து கேட்டால் பொட்டைச் சுற்றி வெறும் வட்டம் விழும். அடிமட்டம் வைத்து மில்லிமீற்றரில் அளப்போம். நான் சேர்ந்த காலத்தில் சிப்ரோஃபுளொக்சசின் பொட்டைச் சுற்றி நெருப்புக்காய்ச்சல் கிருமி பெரிய நிலா போட்டுக் காட்டும். வருடம் போகப் போக அந்த நிலா தேய்ந்தது. கடைசிக் காலத்தில் பல தட்டுகளில் பொட்டின் விளிம்புவரை கிருமி ஏறி நின்றது. பாகிஸ்தானில் சிந்து மாகாணத்தில் 2016இல் தொடங்கிய வகைக்குச் செஃப்ட்ரியாக்சோனும் கேட்பதில்லை.

இந்தக் குணம் பிள்ளைக்குப் பிள்ளை மட்டும் இறங்குவதில்லை, பக்கத்து வீட்டுக்கும் போகும். 1959இல் (டேயின் அதே வருடம்!) ஜப்பானில் ஓச்சியாய், அகிபா குழுவினர் சிகெல்லாவுக்கும் இ.கோலைக்கும் இடையில் எதிர்ப்புக் குணம் கைமாறுவதைக் காட்டினார்கள். உங்கள் குடலில் சாதுவாக இருக்கும் இ.கோலை, நீங்கள் தடிமனுக்குத் தேவையில்லாமல் விழுங்கிய குளிசையில் பழகி, நாளைக்கு வரும் சிகெல்லாவுக்கு வித்தை சொல்லிக்கொடுக்கும்.

வாந்திபேதி திரும்ப வருமா?

1961இல் இந்தோனேசியாவில் தொடங்கிய ஏழாவது உலகப் பரவல் இன்னும் முடியவில்லை. 1992இல் மதராசில் முற்றிலும் புதிய வகை ஒன்று தலைகாட்டியது. கடலின் அந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கம் வர விமானத்தில் ஒன்றேகால் மணித்தியாலம். மஞ்சள் கொலனி காட்டும் அந்தப் பச்சைத் தட்டை ஆய்வுகூடங்கள் இன்னும் வைத்திருப்பது அதனால்தான்.

2022 மின்வெட்டில் என்ன செய்தீர்கள்?

மார்ச் கடைசியில் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். மறை 80 பாகைக் குளிரூட்டியில் நான் 20 வருடத்துக்கு மேலாகச் சேர்த்த கிருமிகள் நித்திரை கொண்டிருந்தன. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. கதவைத் திறக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டினேன். இரவில் வீட்டில் லைட் போனால் முதலில் அந்தப் பெட்டியின் ஞாபகம்தான் வரும், அதன் பிறகுதான் அடுப்பில் இருந்த கறி. வளர்ப்பறையின் சூடு இறங்கி ஏறியதில் பல நாள் தட்டுகளை எறிந்தோம். அந்த மாதங்களின் “வளரவில்லை”களை நான் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் சேர்க்கவில்லை.

உங்களுக்கு எப்போதாவது தொற்றியதா?

ஒருமுறை சிகெல்லா. ஆய்வுகூடத்தில் இல்லை, ஒரு மாநாட்டு மதியச் சாப்பாட்டில். மாநாடு எதைப் பற்றி என்று கேட்காதீர்கள்.

இந்த வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும்? தமிழ் மொழிமூலம் படித்தால் முடியுமா?

உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. புள்ளி மருத்துவத்துக்குப் போதாமல் விஞ்ஞான பீடத்துக்கு வந்தவர்கள்தான் எங்களில் பாதிப்பேர், நானும். நுண்ணுயிரியலில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் எடுங்கள்; களனியில் அதற்கென்றே துறை உண்டு. மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளராகவும் வரலாம். டொக்டராகிப் பிறகு நுண்ணுயிரியலில் நிபுணராவது மூன்றாவது வழி. ஆராய்ச்சி என்றால் முதுமாணி, கலாநிதி என்று இன்னும் ஐந்தாறு வருடம் போகும்.

மொழி பற்றிப் பெற்றோர் பயப்படுகிறார்கள். நானும் தமிழில் படித்து வந்தவள்தான். முதலாம் வருடம் விரிவுரை முடிந்து விடுதிக்கு வந்து, நுண்ணங்கி, வளர்ப்பூடகம், கிருமியழித்தல் என்று எனக்குத் தெரிந்த சொற்களைப் பக்கத்தில் எழுதி எழுதித்தான் பிடித்தேன். ஆறு மாதம் கஷ்டம். கம்பியைச் சுவாலையில் காய்ச்சுவதற்கு மொழி தேவையில்லை. சிங்களம் கட்டாயம் கதைக்கப் பழகுங்கள். வார்டிலிருந்து மாதிரி எப்போது எடுத்தது என்று கேட்டறிய அதுதான் வழி.

சம்பளம்?

வாழலாம். வெள்ளவத்தையில் வீடு வாங்க முடியாது. என்னுடையது வாடகை வீடு.

பிள்ளைக்கு இப்போது வயிற்றோட்டம். என்ன செய்ய?

இந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஜீவனியைக் கரையுங்கள். பக்கெற்றில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீர், கொதித்தாறியது. கூடவும் குறையவும் வேண்டாம், பாலோ சோடாவோ கலக்க வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லிலீற்றர், அதற்கு மேலே 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். வயிற்றோட்டத்தை நிறுத்துகிற குளிசை சிறுபிள்ளைக்கு வேண்டாம். மலத்தில் இரத்தம், கண் உள்ளே போதல், சோர்ந்து கிடத்தல், பல மணித்தியாலம் சலம் போகாமை: இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு. போகும்போதே மாதிரி எடுத்துவைத்தால் என்னைப் போன்ற ஒருத்தி நன்றி சொல்வாள், போத்தலில் நேரத்தையும் எழுதிவிடுங்கள்.

மிஸ், உங்கள் ஆய்வுகூடத்தில் பழக வரலாமா?

வரலாம். பல்கலைக்கழகத்திலிருந்து கடிதத்தோடு, நெருப்புக்காய்ச்சல் ஊசி போட்ட பிறகு. மூடின சப்பாத்து, கட்டின தலைமயிர், நீள நகம் இல்லை, கைத்தொலைபேசி வெளி அறையில். முதல் இரண்டு கிழமையும் போத்தல் கழுவி, ஊடகம் காய்ச்சி, பழைய தட்டுகளைக் கிருமியழித்து எறிவதுதான். மூன்றாவது கிழமை ஒரு மாதிரி தருவேன். என்னிடம் அதில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும், உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நீங்கள் வந்து “வளரேல்லை மிஸ்” என்று சொன்னால், கொப்பியைத் திறந்துகொண்டு வாருங்கள்.